பாட்டியின் ஸ்வெட்டரும் துரையும்

துரை என்பது எங்கள் வீட்டு நாய். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். மூன்றரைக் கால், பாதி வால். லாரிச் சக்கரத்தடியில் கிடந்ததை என் பாட்டி கொட்டும் மழையில் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து அவள் கட்டிலின் கால்மாடு அதற்கு, தரை எனக்கு. பேத்தி என்று ஒருத்தி இருப்பது அவளுக்கு நினைவிருந்ததோ என்னவோ.

அதற்கு முன்பும் என் பங்கு இப்படித்தான் பறிபோனது. என் துணி அலமாரியில் பூனை குட்டி போட்டது. சிறகொடிந்த காக்கைக்கு என் பள்ளிக்கூடப் பை வீடானது. எனக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை. பூனை தும்மினால் நாள் முழுக்க அதை மடியை விட்டு இறக்க மாட்டாள். கேட்டால், "உனக்கு வாய் இருக்குடி, வலிச்சா சொல்லுவ. அதுங்க யார்கிட்ட போய்ச் சொல்லும்?" என்பாள். வாயோடு பிறந்தது என் தப்பு.

பாட்டி இறந்ததும் துக்கம் விசாரிக்கப் பால்காரரிலிருந்து மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வரை வந்தார்கள். ஆளுக்கொரு பூனைக் கதை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போகும்போது துரையின் தலையைத்தான் தடவினார்கள். அதுதான் பாவம் ரொம்ப ஏங்கிவிட்டது என்றாள் சித்தி. எனக்கு வயிறு எரிந்தது. நான் என்ன, கல்லா?

அந்த நாய் பாட்டியின் பழுப்பு ஸ்வெட்டரைக் கட்டிலிலிருந்து இழுத்துப் போட்டு, பன்னிரண்டு நாளாக அதன்மேலேயே கிடந்தது. பேத்தி இருக்க நாய்க்கு உரிமையா என்று ஒருநாள் வெடுக்கென்று பிடுங்கினேன். ஒரே முடி, எச்சில், சேறு. கடைக்கு எடுத்துப் போனேன்.

எனக்கு வேலை சலவைக் கடையில். என் கை பட்டால் கறையும் நிற்காது, வாடையும் நிற்காது. ஸ்வெட்டரை மூன்று தடவை அலசி உலர்த்தினேன். புதுசு மாதிரி ஆகிவிட்டதே என்றார் முதலாளி. பெருமையாக எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

சோப்பு வாசனை. கழுத்தில் சோப்பு, அக்குளில் சோப்பு, பைக்குள்ளும் சோப்பு. தைலமும் பூனையும் பாலும் கலந்த பாட்டியின் வாடை எங்குமே இல்லை. அத்தனை நாளும் அவள் அதில் இருந்திருக்கிறாள். கெட்டிக்காரி நான், என் கையாலேயே அலசிச் சாக்கடையில் விட்டுவிட்டேன். முதலாளி முன்னாலேயே அழுதேன்.

அன்றிலிருந்து துரை சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கம்பவுண்டர் வந்து, இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி என்னோடு பேசவில்லை. செய்த பாவம் உறுத்த, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பால் கிண்ணத்தோடு அதன் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"இதுல அவ இல்லடா," என்றேன். "நான்தான் தொலைச்சிட்டேன்."

துரை தலையைத் தூக்கியது. நகர்ந்து வந்து என் கையை முகர்ந்துகொண்டே போனது. இடது முழங்கைக்கு வந்ததும் நின்றது. அங்கே மூக்கைப் புதைத்தது; பாதி வால் ஆடியது. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, குனிந்து பாலைக் குடித்தது.

நான் அதே முழங்கையை மூக்கில் வைத்து மூச்சை இழுத்தேன். சோப்பு. மறுபடியும் இழுத்தேன். சோப்புதான்.

பாட்டி இருந்த காலத்தில்கூட அந்த நாயைப் பார்த்து எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.

"எங்கடா இருக்கா?" என்று கேட்டேன். "எனக்கும் காட்டேன்டா."