ரெட்டைக்கு உண்டான எடை

புவனகிரியில் ஒரு திடலில் தராசு கட்டியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பட்டிகளிலிருந்து செம்மறிக் கிடாக்குட்டிகளைக் கொண்டுவந்திருந்தோம். எடையில் முதலாவதாக வரும் குட்டி, இனப்பெருக்கத்துக்கான பொலிகிடாவாக வளர்த்தவரிடமே தங்கும், தீவனமும் கிடைக்கும். மற்றவற்றை வாங்கப் பரங்கிப்பேட்டை வியாபாரி வேனோடு நின்றார். பக்ரீத் நெருங்கிவிட்டது. எங்கள் குட்டி அந்த வேனில் ஏறக் கூடாது, அதுதான் என் ஒரே வேண்டுதல். என் மகள் இளமதி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகுகிறாள்.

கால்நடை டாக்டர் சத்யப்பிரியா தராசு காட்டியதை அப்படியே ஏற்கவில்லை. "ஒவ்வொரு பட்டிக்கும் மேய்ச்சல் வேற, குட்டி பொறந்த தேதி வேற. தலையீத்துக் குட்டின்னா பால் கம்மி, கொஞ்சம் கூட்டணும். ரெட்டைன்னா இன்னும் கூட்டணும், தாய் வயித்துலயே எடத்தப் பங்கு போட்டுக்கிட்டு வந்ததாச்சே. அப்பதான் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாக்க முடியும்" என்றவர் எங்களிடம் வந்தார். "ஒங்களுது ஒத்தையா, ரெட்டையா?"

"ஒத்த" என்றார் என் வீட்டுக்காரர் பழனிவேல், நான் வாய் திறக்கும் முன்.

எங்கள் ஆடு போட்டது இரண்டு. ஒன்று பிறந்த அன்றே செத்துப்போனது. அப்படிப் போனதை எங்கள் பக்கம் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் உயிரோடு இருப்பதற்கு ஆகாதாம். ஆட்டுக்கும் அதுதான், மனுஷருக்கும் அதுதான். இளமதியோடு பிறந்த பையன் கண் திறக்காமலே போனான். பெயர் வைக்கவில்லை, என்னை வாய்விட்டு அழக்கூட விடவில்லை. யார் கேட்டாலும் "ஒரே பொண்ணு" என்று இவர் முந்திக்கொள்வார். என்னைக் காப்பாற்றுகிறாராம். எனக்கோ ஒவ்வொரு தடவையும் அவனை மறுபடி பறிகொடுப்பது போலிருக்கும்.

கணக்குப் போட்டதில் பக்கத்துப் பட்டி இளவரசுவின் குட்டி முதலில் வந்தது. "மனசுல வச்சுக்காத மச்சான்" என்று அவன் இவர் தோளைத் தட்டினான். வியாபாரி வேன் கதவைத் திறந்தார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "டாக்டரம்மா, அவுரு சொன்னது பொய். ரெட்டைதான். கூடப் பொறந்தது செத்துப்போச்சு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் செல்போனில் மறுபடி கணக்குப் போட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெட்டையா பொறந்தாலும், பால் முழுசையும் இது ஒண்ணே குடிச்சு வளந்திருக்கு. அதனால கூட்டுறது கொஞ்சந்தான் அக்கா. அப்பவும் அவுங்க குட்டிதான் முன்னால நிக்குது. மாத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆவப்போறதில்ல. அப்புடியே விட்டுடலாமா?"

சரி என்று சொல்லிவிட்டுக் குட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"அப்புடியே விடாதீங்க டாக்டரம்மா" என்று இவர் குரல் கேட்டது. "கெடைக்கலன்னாலும் பரவால்ல. ரெண்டுன்னே போடுங்க. ரெண்டுதான் பொறந்துச்சு. ஒண்ண இந்தக் கையாலதான் பொதச்சேன், வெள்ளாத்தங்கரையில." சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டார்.

ஓர் ஆட்டுக்குட்டிக்கா இப்படி என்று இளவரசு விழித்தான். ஆட்டுக்குட்டியை இவர் புதைத்தது எங்கள் பட்டிக்குப் பின்னால். வெள்ளாற்றங்கரையில் புதைத்தது எங்கள் மகனை.