வைஸுக்குள் இரண்டு விரல்

ஆண்கள் பள்ளிக்கும் பெண்கள் பள்ளிக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரே பள்ளியாக்கியபோது, காதல் விவகாரம் ஒன்றாவது கிளம்பும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. கிளம்பியதென்னவோ ரத்தம்.

சுவர் போயும் புத்தி போகவில்லை. பையன்களுக்குப் பட்டறை, பெண்களுக்குத் தையல் அறை. தையல்காரியின் மகள் மட்டும் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"வீட்லதான் பொழுதன்னிக்கும் ஊசியும் நூலும். இங்கயுமா சார்?"

பட்டறை மாஸ்டருக்கு மறுக்க வாய் வரவில்லை. "பசங்க சேத்துக்கிட்டா எனக்கென்னம்மா" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அவர் டீ குடிக்கப் போனாலே உள்ளே ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸின் தாடைக்குள், புதிதாக வருகிறவன் இரண்டு விரலை வைக்க வேண்டும். பையன்களின் தலைவன் கைப்பிடியைத் திருகுவான். "அம்மா" என்று கத்தினால் விட்டுவிடுவான். கத்தியவன் அடுத்த ஆள் வரும்வரை இரும்புத்தூள் பெருக்க வேண்டும். கத்தாதவனுக்கு முதல் நாளே மேஜை. கத்தாதவன் என்று இதுவரை ஒருவனும் கிடையாது.

தலைவனுக்குக் குறடு என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டானாம், அவனே சொல்லிக்கொள்வான்.

"போய் ஜாக்கெட் தைம்மா. நகம் ஒடஞ்சிடப் போவுது" என்றான்.

"வாயால திருகாத, கையால திருகு" என்று விரல்களை வைத்தாள்.

ஒரு சுற்று. விரல் நுனி வெளுத்தது. இன்னொரு சுற்று. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. அவள் உதடு பிரியவில்லை. எட்டு வயதில் தையல் மெஷின் ஊசி அவள் கட்டைவிரலுக்குள் இறங்கி மறுபக்கம் வந்தபோது, "கத்தாத, அசையாத. அடுத்தவங்க துணி, கறை பட்ரும்" என்றுதான் அவள் அம்மா சொன்னாள். தையலை மென்மையான வேலை என்று புகழ்கிறவர்கள் அந்த ஊசியைப் பார்த்ததில்லை.

குறடுக்கு வியர்த்துவிட்டது. "கத்தித் தொலையேன்டி!" கெஞ்சினான். விட்டால் பெண்ணிடம் தோற்றவன் ஆவான். கண்ணை மூடிக்கொண்டு திருகினான்.

காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி உள்ளே சத்தம் கேட்டது. ஒரு பையன் மூலையில் வாந்தியெடுத்தான். குறடின் கை கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் இடது கையால் மேஜைச் சுத்தியலை எடுத்தாள். முதல் அடி அவன் மணிக்கட்டில். இரண்டாவது காறையெலும்பில்.

"அம்மா...!"

தையல் அறைவரை கேட்டது. அவன் தரையில் புரள, அவள் இடது கையாலேயே வைஸைத் தளர்த்தி, தொங்கிய விரல்களைப் பாவாடையில் சுற்றிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அறையில் குறடின் அப்பா குதித்தார். "என் பையன் எலும்ப ஒடச்சிட்டா சார்!"

"உங்க பையன் மட்டும் என் பொண்ணு கைய என்ன, தடவியா குடுத்தான்?" என்றாள் தையல்காரி.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "பொம்பளப் புள்ளைங்களுக்குப் பட்டறை ஆபத்தும்மா. கட்டு பிரிச்சதும் பொண்ணு தையலுக்கே வரட்டும்." எலும்பை உடைத்த பட்டறையை விட்டுவிட்டு, உடைபட்டவளை வெளியேற்றுகிற நியாயம்!

தையல்காரி மகளின் கையைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்தாள். "டாக்டர் சொல்லிட்டார், இந்த ரெண்டு விரலும் இனிமே மடங்காதாம். ஊசிய எதால புடிப்பா? நீங்க வந்து கோத்துக் குடுப்பீங்களா?"

தலைமையாசிரியர் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். அவருக்கும் டீ ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கட்டுப் பிரித்த மறுநாள் அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது ஒரு மேஜை துடைத்துக் கிடந்தது. கத்தியது யார் என்று பையன்களுக்குத் தெரியும், பள்ளிக்கே தெரியும். தோளில் தூளிக்கட்டோடு குறடு ஒற்றைக் கையால் பெருக்கிக்கொண்டிருந்தான்.

இரும்புத் துண்டை வைஸில் வைத்து அவள் கைப்பிடியைத் திருகினாள். அது கிறீச்சிட்டபோது அவன் தோள் வெடுக்கென்று துள்ளியது.

"அங்க மூலைல கொஞ்சம் விட்டுப்போச்சு பாரு" என்றாள். விறைத்த விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே அரத்தை இடுக்கிக்கொண்டு ராவத் தொடங்கினாள்.