ஏழாவது பொத்தான்

ஸ்கேன் டாக்டர் இங்கிலீஷில் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டாகத் தட்டுவது என் வேலை. பதினொரு வருஷமாகிறது. அவர் ‘குட் பாசிப்ளி’, அதாவது ‘ஒருவேளை இருக்கலாம்’ என்றால், ஸ்கேனுக்கு வந்தவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். ‘மே வெல்’, ‘இருக்கவே வாய்ப்பு’ என்றால், தூக்கம் கெடும். ‘மஸ்ட்’ என்று ஆரம்பித்தால் ஆஸ்பத்திரியில் சேரப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மனுஷனுக்கு இந்த வார்த்தை ஜோடிகளை விட்டால் வேறு பேச்சே வராது. அதனால் முழு வாக்கியங்களாகவே கீபோர்டுப் பொத்தான்களில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஏழாவது, ‘குட் சேஃப்லி வெயிட்’: ஆறு மாதம் பொறுக்கலாம். எட்டாவது, ‘மஸ்ட் இம்மீடியட்லி’: உடனே ஆபரேஷன்.

இன்று பதினொரு மணிக்கு என் அக்காவின் வயிற்று ஸ்கேன் வந்தது. “மஸ்ட் இம்மீடியட்லி” என்றார் டாக்டர், வழக்கமான தூங்குமூஞ்சிக் குரலில். எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். ஏழாவது பொத்தானை அமுக்கினேன். கை தவறி என்று சொல்லமாட்டேன், பயத்தில்தான் அமுக்கினேன். டாக்டர் என்னை நம்பி, படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர். போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

“ஆறு மாசம் கழிச்சு வந்தா போதுமாம்டி! பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். சாயங்காலம் உனக்கு என்ன பண்ணி வைக்கட்டும்?”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“அங்கேயே நில்லுக்கா. பஸ் ஏறினே, கொன்னுடுவேன்.”

டாக்டரின் அறைக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. இரண்டு விரலால் தானே ரிப்போர்ட்டைத் திருத்தினார்.

“உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

“பொழைச்சுடுவாளா சார்?”

“ஷுட் ப்ராபப்ளி.”

பஸ் ஸ்டாப்பில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப நான் பொழைச்சுடுவேனா?”

‘கண்டிப்பா’ என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

“அநேகமா.”

பஸ் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இது அவர் சொன்னதா, நீ மாத்தினதா?”

“அவர் சொன்னதுக்கா.”

“சரி, வா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.