எடுத்துவைத்த சினை

எங்கள் கம்பெனியில் கார் போல்ட்டுகளுக்கு முலாம் பூசுகிறார்கள். அந்தக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் நான் ஆபரேட்டர். சுத்தமான தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் பத்துக் கெண்டை மீன்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மீட்டரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்த மீன்களைப் பார்ப்பார்கள். மீன் நீந்தினால் நல்ல தண்ணீர். அவ்வளவுதான் அவர்கள் விஞ்ஞானம்.

மீன் சாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு, படப்பைச் சந்தையிலிருந்து புதிது வாங்கி விடுவதுதான் என் வேலை. முதலில் செவுளில் சளி கட்டும். பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கையை விட்டால்கூட விலகாது. கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கிற மீனுக்கு முதுகு வளைந்துவிடும். நிக்கலும் குரோமியமும் என்ன செய்யும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தினமும் பார்த்தேன்.

மழை பிடித்தால் மேனேஜர் நம்பிராஜன் போனில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "திறந்துருங்க." சுத்தம் செய்யாத தண்ணீர் ஓடையில் இறங்கி ஏரிக்குப் போகும். வால்வைத் திருகுகிற கை என்னுடையது.

அந்த ஏரியை ஒட்டித்தான் கிளியம்மாள் அக்கா வீடு. மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்த நாள் முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். ஏரி மீன் குழம்பை ஆரம்பத்தில் நானும் தட்டை வழித்துத் தின்றவன்தான். தொட்டி வேலைக்கு மாற்றிய பிறகு தொண்டையில் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அதனால் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுக்கொண்டேன். வேலை நிரந்தரமாகும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல் என்றேன்.

அக்கா நம்பிவிட்டார். எனக்கென்று தனிச் சட்டி வாங்கினார். கிருத்திகைக்குக் கிருத்திகை கோயிலுக்குப் போய் என் பெயருக்கு விளக்கு வேறு ஏற்றினார்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு வந்தது அந்த ஞாயிறு. அக்காவின் கணவர் பரசுராமன் ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய மீனோடு வந்திருந்தார்.

"இன்னா சங்கரு, அதிசயத்த கேளு. வலையே வேணாமாம். கரையோரமா மேல வந்து வாயத் தொறந்துகினு நிக்குதாம். உங்க அண்ணன் கையாலயே வாரிகினு வந்துட்டாரு. ஏரிக்கு நம்ம மேல எம்மாம் பாசம் கீது பாரு!"

அக்கா சொல்லிக்கொண்டே மகள் சத்யப்பிரியாவின் தட்டில் குழம்பை ஊற்றினார். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வந்தவளுக்கு இப்போது ஒன்பது.

"சினை மீனு நெறைய மாட்டிச்சி. அத்தினியும் பொண்ணுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன். புள்ளத்தாச்சிக்கு நல்லது."

குழம்பில் ஒரு மீனின் முதுகு வளைந்திருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். சத்யப்பிரியா சினையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

"திங்காத தாயி!"

கத்திவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரும் திங்காதீய. அது சீக்கு மீனு, அக்கா. அதான் ஓடாம நிக்கி. எங்க கம்பெனி தண்ணிதான் ஏரிக்கு வருது. அந்த விஷம் வேகவச்சாலும் போவாது. மழையில வால்வத் தொறந்துவிட்டது நாந்தான்."

பரசுராமன் எழுந்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா மகளின் விரல்களைப் பிரித்துச் சினையை எடுத்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"எட்டு மாசமாக்கா."

அக்கா என் தட்டிலிருந்த சாம்பாரைப் பார்த்தார். தனிச் சட்டியைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை என் கழுத்துக்கு வந்தது.

"மாலை போட்டும் எட்டு மாசந்தானே ஆவுது, சங்கரு?"

மாலையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்.

சத்யப்பிரியா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்து ரெண்டு மாசமாவுதுண்ணா" என்றாள்.