பதினாலாவது ஷரத்து

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சூனியத்தை முத்திரைத்தாளில், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, ஒரு பிழையில்லாமல் டைப் அடித்து வைத்துக்கொண்ட மனிதர் ஒருவர்தான். அவரைத் தெருவில் ஷரத்து என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது மின்சார ரசீதில் மட்டும் வரும்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. வேலை, வாடகை ஒப்பந்தம் அடிப்பது. மற்ற டைப்பிஸ்டுகள் ஒரே பக்கத்தில் முடித்துக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். ஷரத்து அடித்தால் ஆறு பக்கத்துக்குக் குறையாது. "ஓட்டை இருக்கக் கூடாது" என்பார். அவருடைய ஒப்பந்தத்தில் மாட்டிய குடித்தனக்காரர்கள் அட்வான்ஸைப் பறிகொடுத்துவிட்டு, கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போவார்கள். வீட்டுச் சொந்தக்காரர்களோ நாலு தெரு தாண்டி அவரைத் தேடி வருவார்கள். அடித்து முடித்ததும் வந்தவரை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். படித்துக் காட்டாமல் ஒரு கையெழுத்தும் வாங்கியதில்லை. அதுதான் அவருடைய தொழில் தர்மம்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி திரைச்சீலைக் கடையில் தையல்காரி. ஜன்னலைக் கண்ணால் பார்த்தே எத்தனை முழம் என்று சொல்லிவிடுவாள். புருஷனையும் அப்படி அளந்து வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், எங்கோ ஒரு சாண் தப்பிவிட்டது.

ஒன்றேகால் வருஷத்துக்கு முன் இந்த மாடி வீட்டுக்கு வந்தார்கள். மூன்று அறை, ஏழு ஜன்னல். வீட்டுக்காரம்மா கீழே இருந்தார், பெரியாஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள், கடையில் விற்கிற அரைப்பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் சொன்னார். நம் ஆளுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. "நான் குடியிருக்கிற வீட்டுக்கு அரைப்பக்கமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருபத்துமூன்று ஷரத்து அடித்தார். படித்துக் காட்ட ஆரம்பித்தபோது வீட்டுக்காரம்மா, "மாத்திரை போடுற நேரம் தம்பி, குடுங்க" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தையல்காரியும் போட்டாள். அவள் எதற்குப் படிக்க வேண்டும்? அடித்தது கட்டின புருஷன் அல்லவா.

ஆக, ஷரத்தின் வாழ்க்கையிலேயே படிக்காமல் கையெழுத்தான ஒப்பந்தம் அவருடைய சொந்த ஒப்பந்தம்தான். அது அவருக்குப் பல்லில் சிக்கிய நார்போல இருந்துகொண்டே இருந்தது.

ஆறு மாதம் கழித்து வாடகை பத்தில் ஒரு பங்கு ஏறியது. இன்னொரு ஆறு மாதத்தில் மறுபடியும் ஏறியது. வீட்டுக்காரம்மா கேட்கவேயில்லை. ஒன்பதாவது ஷரத்தில் இருக்கிறது என்று இவரே கணக்குப் போட்டு, இவரே கொண்டுபோய்க் கொடுத்தார். நேர்மை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அந்தச் சமயம் பார்த்துத் திரைச்சீலைக் கடையில் வியாபாரம் படுத்தது. புதுத் திரை தைக்கிறவர்கள் குறைந்துபோய், தையல்காரிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இங்கே விரல் சூம்பிப்போய் வீக்கம் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டிருந்தது.

லாண்டரிக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்றை அவள் பார்த்துவைத்தாள். வாடகை பாதிதான். லாண்டரிக்காரர் ஒன்றாம் தேதி வரை பொறுப்பதாகச் சொன்னார், அதற்குள் அட்வான்ஸ் தர வேண்டும். அவர்களிடம் இருந்த ஒரே பணம் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்திருந்த அட்வான்ஸ். அது அவள் நாலு வருஷம் தைத்துச் சேர்த்தது. அது வராவிட்டால் போக்கிடம் அவளுடைய அண்ணன் வீட்டுப் பின்னறைதான். அங்கே முன்பு ஒருமுறை இரண்டு மாதம் இருந்திருக்கிறாள். அண்ணி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை இவள் குழாயைத் திறக்கும்போதும் ஒரு பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சுக்குத் திரும்பிப் போவதைவிட நடைபாதையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்று அவள் நினைத்தாள்.

"ஏங்க, கீழ போய் ரெண்டே வார்த்தை. முடியலம்மா, காலி பண்றோம். அவ்வளவுதான். அந்த ஃபைலை எடுத்துட்டு வராதீங்க."

"ஃபைல் இல்லாம எப்படிப் போறது?"

"காலால நடந்து போறது."

அவர் ஃபைலோடுதான் வந்தார்.

வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கஷ்டம்னா என்ன பண்றது தம்பி. ஒண்ணாந்தேதி சாவியக் குடுத்துட்டு அட்வான்ஸ வாங்கிட்டுப் போங்க" என்றார். தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நன்றி சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவரும் எழுந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

"இல்லம்மா, ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு ஒருதரம் பார்த்துட்டா முறையா இருக்கும். அன்னைக்குப் படிக்கவே இல்ல."

"எதுக்குத் தம்பி? நான்தான் சரின்னுட்டேனே."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

தையல்காரி அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தார். குரல் கணீரென்று இருந்தது. பன்னிரண்டாவது ஷரத்து வரும்போது லேசாகக் கம்மியது. பதினாலு என்ன என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் பாதியில் நிறுத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாதே! படித்தார்.

"குடியிருப்பவர் இரண்டு வருடம் முடியுமுன் வீட்டைக் காலி செய்ய விரும்பினால், நடப்பு வாடகைக்குக் குறையாமல் தரச் சம்மதிக்கும் நல்ல குடும்பம் ஒன்றைத் தாமே தேடிக் கொண்டுவந்து உரிமையாளர் முன் நிறுத்த வேண்டும். தவறினால் முன்பணம் முழுவதையும் இழப்பார்."

வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இன்னொருதரம் படிங்க."

படித்தார்.

"நல்லா இருக்கே! இதை யாரு போட்டா?"

"நான்தாம்மா" என்றார் ஷரத்து. அந்த நேரத்திலும் குரலில் ஒரு துளி பெருமை ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள்.

"அப்ப அதுபடியே பண்ணிடுவோம் தம்பி. எழுதினத மீறக் கூடாதுல்ல?"

தையல்காரி இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள். கதவைச் சாத்தியதும் பேசினாள். "தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. அதுகூடப் பாவம், கத்தும், அவ்வளவுதான். ஆறு பக்கத்துக்கு டைப் அடிச்சு, பாம்பைக் கூப்பிட்டு உட்காரவச்சுப் படிச்சா காட்டும்?"

"ஓட்டை இருக்கக் கூடாதுன்னுதான்..."

"ஓட்டைய அடைக்கிறேன்னு வாசலையே அடைச்சிட்டீங்க!"

அன்றிலிருந்து மூன்று வாரம் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. கட்டுப்படியாகாமல் விட்டுப் போகிற வீட்டை, பிறருக்குக் கட்டுப்படியாகும் என்று புகழ்வது சாமானிய வேலையில்லை. ஒருவர் இஞ்ச் டேப்போடு வந்து தன்னுடைய பீரோவுக்காகவே வீடு தேடுவதுபோல் எல்லாச் சுவரையும் அளந்துவிட்டுப் போனார். ஒரு அம்மாள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, தையல்காரியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வாடகையைக் கேட்டதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. லாண்டரிக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பி, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த ஜோடி வந்தது. அவன் பஸ் டிரைவர். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். ஏழு ஜன்னலையும் திறந்து திறந்து பார்த்தாள். டிரைவர் மூலையில் நின்று விரல்விட்டுக் கணக்குப் போட்டான். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய், திரும்பவும் முதல் கைக்கே வந்தான்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சமாளிச்சிடலாம்" என்று லேப்காரப் பெண் அவனிடம் சொன்னாள்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. ஒன்றேகால் வருஷத்துக்கு முன் இதே ஜன்னலோரம் நின்று அவளும் அதையேதான் சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல்.

"நீங்க ஏன்க்கா காலி பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு ஷரத்து ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார், வேலைக்குப் போகக் கிட்டத்தில் வீடு பார்த்துவிட்டோம் என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரி, "கட்டுப்படியாகலம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள்போல. வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கீழே வீட்டுக்காரம்மாவுக்கு ஏக சந்தோஷம். "உங்க ஒப்பந்தத்தையே அடிச்சிடுங்க தம்பி. பேரை மட்டும் மாத்துங்க. முக்கியமா அந்தப் பதினாலு."

ஷரத்து அடித்துக்கொண்டுவந்தார். அட்வான்ஸ் கைக்கு எட்டிவிட்டது என்று அவர் முகத்தில் தெளிவு வந்திருந்தது. தையல்காரி தாளை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு இதைப் படிச்சுக் காட்டணும்."

"படிச்சா ஓடிடுவாங்கம்மா. நம்ம அட்வான்ஸ்?"

"ஓடட்டும். அண்ணி பெருமூச்சுல குளிர்காயறேன்." அவள் விரலைத் தாளின்மேல் ஊன்றினாள். "ஊர்ல இருக்கிற வீட்டுக்காரனுக்கெல்லாம் வரி விடாம படிச்சுக் காட்டுறீங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட பேனாவைக் குடுத்து, இங்க போடுன்னீங்க. நானும் போட்டேன். நாலு வருஷம் தைச்ச காசுங்க அது. எனக்கு ஒருத்தர் படிச்சுக் காட்டியிருந்தா போட்டிருப்பேனா?"

ஷரத்து பக்கங்களைப் புரட்டினார். இருபத்துமூன்றில் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். "கையெழுத்தப் போட்டுடலாமே, எனக்கு மாத்திரை..." என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரம்மா. "மாத்திரையைப் போட்டுட்டு வாங்கம்மா, காத்திருக்கோம்" என்றார் ஷரத்து. பிறகு படித்தார். ஒன்பது வந்ததும் டிரைவரின் விரல்கள் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தன. பதினாலில் "குடியிருப்பவர் இரண்டு வருடம்" என்றவர் நின்றுவிட்டார். அவர் பாதியில் நிறுத்தி அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நான் போட்டது" என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து. "யாரும் கேக்கல. பெரிய புத்திசாலின்னு நானாத்தான் போட்டேன். இதுல நாங்களே மாட்டிக்கிட்டு இருக்கோம். ஒம்பதும் அப்படித்தான்." பேனாவை எடுத்து இரண்டின்மேலும் கோடு போட்டார்.

"அந்த ரெண்டையும் அடிச்சா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

"அடிக்கலன்னா நாங்க வரல" என்றாள் லேப்காரப் பெண். "அது ரெண்டும் இல்லன்னா, நீங்க சொன்ன வாடகைக்கு இப்பவே சம்மதம்."

தையல்காரியின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள். ஷரத்து மெல்லத் தன்னுடைய பழைய ஒப்பந்தத்தை எடுத்து வீட்டுக்காரம்மாவின் முன் வைத்தார்.

"நீங்களே படிங்கம்மா. நல்ல குடும்பத்தைக் கொண்டுவந்து நிறுத்தணும். நிறுத்திட்டேன். வாடகை குறையக் கூடாது. குறையல. எங்க ஷரத்தையெல்லாம் அவங்களும் ஏத்துக்கணும்னு எங்கயும் எழுதல. இவங்களை வேண்டாம்னு சொல்றது உங்க இஷ்டம். ஆனா எங்க வேலை முடிஞ்சுது. அட்வான்ஸைக் குடுத்துடணும்."

வீட்டுக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் படித்தார். அடுத்த பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"எழுதலையே! எப்படித் தம்பி விட்டீங்க?"

"ஓட்டை விழுந்துடுச்சும்மா" என்றார் ஷரத்து. அதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

வீட்டைப் பூட்டிப் போட வீட்டுக்காரம்மாவுக்கு என்ன பைத்தியமா? முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "அடிச்ச இடத்துலயும் ஒவ்வொரு கையெழுத்து" என்று நம்மவர் விடாமல் கேட்டு வாங்கினார். அட்வான்ஸ் முழுதாக வந்தது. ஜன்னல் திரைகளைக் கழற்ற வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது, "இந்த ஜன்னலுக்கு வெட்டினது, வேற எங்கயும் பொருந்தாது. இருக்கட்டும்" என்றாள் தையல்காரி. உள்ளூரக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஒன்றாம் தேதி லாண்டரிக்காரர் அரைப்பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். ஷரத்து அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருப்பதைக் கண்டதும் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தையல்காரி முந்திக்கொண்டு பேனாவை உருவிவிட்டாள்.

"படிங்க" என்றாள். "எனக்கு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். இன்ன வாடகை. இன்ன அட்வான்ஸ். தண்ணீர் உண்டு. போவதானால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும், அட்வான்ஸ் அன்றைக்கே திரும்பி வரும்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அவள் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முதல் கையெழுத்தை அவள் போட்டாள்.