உள்ளூர்ப் பங்கு

எருமப்பட்டிக்குத் தெற்கே செங்கோட்டையனின் கோழிப்பண்ணையில், கிழக்கு வெளுக்கும் முன்பே தீவன மிக்சர் ஓடத் தொடங்கிவிடும். மக்காச்சோள மாவும் சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அதற்குள் விழுந்து புரளும். அதில் எழும் தூசி மூக்கில் ஏறித் தொண்டையில் படியும். துப்பினால் எச்சில் மஞ்சளாக விழும். சின்னாயி மூட்டைகளை இழுத்து வந்து, வாய் பிரித்துச் சாய்ப்பாள். அவளுடைய மகன் நவீன்குமார் பக்கத்தில் குந்தி, கோழிகளுக்குச் சீக்கு வராமலிருக்கப் போடும் மருந்துப் பொடியை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, முழங்கை வரை கையை விட்டு மாவோடு பிசைவான். முகத்துக்கு ஒரு துண்டு கட்டியிருப்பான். கைக்கு ஒன்றும் கிடையாது.

"கையொறை கேட்டயா சாமி?" என்பாள் அவள்.

"கேட்டேன். பாக்கலாம்னாங்க."

அந்தப் பாக்கலாம் இரண்டு வருஷம் ஓடியது.

அவன் அப்பன் ரங்கன் அந்நேரம் செட்டுக்குள் தண்ணீர்க் குழாய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். மேலே அடுக்கடுக்காகக் கூண்டுகள், கீழே மேடாகக் குவிந்த எரு. உள்ளே நுழைந்தாலே நெடியில் கண் கரிக்கும். மூன்று பேருக்கும் அங்கேதான் வேலை. பண்ணைக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகை அவர்களுக்கு வீடு.

ஐப்பசி மழையில் ஒரு கூண்டின் கம்பி துருவேறி அறுந்து தொங்கியது. அதை இழுத்துக் கட்டப் போன நவீன்குமாரின் கெண்டைக்காலில் கம்பி இறங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் கழுவி, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மீதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் வந்தான். பொழுது சாய்ந்ததும் குளிர்க் காய்ச்சல் கண்டது. கால் வீங்கித் தோல் பளபளத்தது. எருமப்பட்டியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. நாமக்கல்லில் வேறு மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கால் தொடை வரை கறுத்திருந்தது.

"எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிங்கம்மா. இருக்கறதெல்லாம் குடுத்துப் பாத்துட்டோம்" என்றார் இளம் டாக்டர். சொல்லும்போது அவரால் சின்னாயி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. காய்ச்சல் வேகத்தில் இரண்டு கைகளும் போர்வையின் மேல் மாவு பிசைவதுபோல அசைந்துகொண்டே இருந்தன. சின்னாயி அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

"அம்மா, கலந்தது போதுமா?" என்று கேட்டான்.

"போதும் சாமி" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை அவர்கள் ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

அவன் வார்டில் கிடந்தபோது குணசீலன் என்ற ஆய்வக ஊழியர், ஆஸ்பத்திரியின் அனுமதியோடு, அவனுடைய புண்ணிலிருந்து வளர்த்த கிருமியைப் பெற்றுக்கொண்டு போயிருந்தார். நாமக்கல்லில் உணவு அறிவியல் சங்கம் ஒன்று வாடகை வீட்டில் நடத்திவந்த சின்ன ஆய்வகத்தைச் சேர்ந்தவர் அவர். முட்டையில் மருந்து தங்குகிறதா, தீவனத்தில் ஓயாமல் மருந்து கலப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமி பண்ணைகளில் முளைக்கிறதா என்று பார்ப்பது அவர்களுடைய வேலை. காரியம் முடிந்த பிறகு சின்னாயியும் ரங்கனும் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போனார்கள்.

ஆய்வகத்தின் தலைவி பிரவீனா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் விஞ்ஞானி, செங்கோட்டையனுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட.

"எம் பையனுக்கு அந்தக் கிருமி எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டாள் சின்னாயி.

"தெரியலீங்கம்மா. பண்ணையில இருக்கற கிருமியும் அவருக்கு வந்ததும் ஒண்ணுதானான்னு ஒப்பிட்டுப் பாக்கோணும். பண்ணையில இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரியிலயே வந்திருக்கலாம். பாக்காம சொல்ல முடியாது."

"அப்பப் பாருங்க."

பிரவீனா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மத்திய அரசின் ஓர் அறிவியல் துறை கொடுத்துவந்த நிதி ஆவணியோடு முடிந்துவிட்டது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உதவத் தயார். ஆனால் வெளிநாட்டுப் பணத்தை வாங்கச் சங்கத்துக்கு அனுமதி வேண்டும்; அந்த விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு முட்டைகளைச் சோதித்துப் பிழைக்கலாமென்றால், ஏற்றுமதிக்காரர்கள் பெரிய நகரத்து ஆய்வகங்களுக்குத்தான் போகிறார்கள். உணவுப் பாதுகாப்புக்கென்று அறிவித்த புதிய மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் மட்டும் முதல் கட்டம் தேறியிருக்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. செலவில் ஒரு பங்கை உள்ளூரிலிருந்து காட்டியாக வேண்டும்.

"அந்தப் பங்கைத் தாரதா ஒருத்தரு சொல்லியிருக்காரு" என்றாள் பிரவீனா. "பெரிய பண்ணைக்காரங்க கூட்டாத் தராங்க. செங்கோட்டையன் மாமாதான் பேசறாரு. ஆனா சோதனை முடிவு எதுவா இருந்தாலும் மொதல்ல அவங்ககிட்டத்தான் காட்டோணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் வெளிய சொல்லலாம். வேலையாளுக கிட்ட எதையும் சோதிக்கக் கூடாது."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"இன்னும் கையெழுத்துப் போடலீங்க." அவள் குரல் இறங்கியது. "போடலைன்னா இதை மூடோணும். குணசீலனுக்குப் பொரட்டாசியில இருந்து சம்பளமில்ல. இருந்தும் தெனமும் வாராரு."

சின்னாயி தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி கேட்டாள்:

"அப்ப எம் பையன் எதனால செத்தான்னு, அதையும் மொதலாளிகிட்டத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கோணுமுங்களா?"

அவர்கள் எழுந்து போன பிறகும் பிரவீனா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

குணசீலன்தான் இந்தச் செய்தியைக் கோழிப்பண்ணைத் தொழிலாளர் சங்கத்துத் தீர்த்தகிரியிடம் கொண்டுபோனார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் முன்னால் ஆட்கள் கூடினார்கள். சுற்றுவட்டப் பண்ணைகளில் முட்டை பொறுக்கும் பெண்கள், எரு அள்ளுகிறவர்கள், சொந்தமாகச் சிறு பண்ணை வைத்துக் கடனில் மூழ்கியவர்கள் சிலர். சத்துணவுச் சமையல்காரி வெண்ணிலா பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து நின்றாள். பிரவீனாவும் தயங்கித் தயங்கி வந்தாள்.

"நமக்கே கூலி பத்தலைங்க. லேபுக்கு நாம எதுக்குக் குடுக்கோணும்? கவர்மெண்டு குடுக்கட்டும்" என்றான் ஒருவன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பலர் தலையசைத்தார்கள்.

"கவர்மெண்டுதான் குடுக்கோணும். அதை நாம உடப் போறதில்ல" என்றார் தீர்த்தகிரி. "ஆனா அவங்க கேக்கற பங்கை மொதலாளி குடுத்தா, லேப்பு அவரு ஊட்டு வாசல்லதான் நிக்கும். நம்ம பக்கம் திரும்பாது."

வெண்ணிலா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க மேடம், அந்தப் பங்கு பணமாத்தான் இருக்கோணுமுங்களா?"

"இல்லீங்க" என்றாள் பிரவீனா. "எடம் குடுக்கலாம், வண்டி குடுக்கலாம். ஆள் உழைப்பையும் மதிப்புப் போட்டுப் பங்காக் காட்டலாம். தீவனம், தண்ணி, எரு, முட்டை, எல்லாத்துலயும் மாதிரி எடுத்துட்டு வாரதுதான் பெரிய செலவு. சொல்லிக் குடுத்தா யாரும் செய்யலாம். ஆனா..." அவள் நிறுத்தினாள். "மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். அதனால நான் யாரையும் கேக்கலீங்க."

வேலை போனால் வீடும் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ரங்கன் எழுந்தான். மகன் போனதிலிருந்து அவன் ஒருவரிடமும் வாய் திறந்து பேசியதில்லை.

"நா எடுத்தாரேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். உட்காரவும் மறந்து நின்றுகொண்டிருந்தான்.

சின்னாயி எழுந்து அவன் பக்கத்தில் நின்றாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பிறகு இன்னும் இருவர். சிறு பண்ணைக்காரரான மாதேஸ்வரன், "எங்க பண்ணையில வந்து தாராளமா எடுங்க. எம் முட்டையில ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கும் எனக்கு ஒரு எடம் வேணுமல்ல" என்றார். சத்துணவுப் பணியாளர் சங்கத்தில் பேசிவிட்டு வருவதாக வெண்ணிலா சொன்னாள். "நான் அவிச்சுத் தாரதை நம்பித்தான் அத்தனை புள்ளைகளும் திங்குது. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியோணும்."

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கச் செங்கோட்டையன் ஆய்வகத்துக்கு வந்த அன்று, வாசல் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். கார்க் கதவைச் சாத்திவிட்டு அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இல்லை.

"என்ன அம்மிணி, இங்க என்ன கூட்டம்?"

"இவங்களும் பங்கு தாராங்க மாமா" என்றாள் பிரவீனா.

அவர் சிரித்தார். "இவங்களா? நா குடுக்கற கூலியில இருந்து எனக்கே எதிரா பங்கு கட்றாங்களாக்கும்." பிறகு சிரிப்பு நின்றது. "இங்க பாருங்க. நாளைக்கு ஒரு ரிப்போர்ட்டு வந்துச்சுன்னு வைங்க, நாமக்கல் முட்டையில அது இருக்கு இது இருக்குன்னு. ஒரு லாரி இந்த மாவட்டத்தத் தாண்டாது. பேங்க்காரன் எங்கழுத்துல துண்டப் போடுவான். உங்க அடுப்பு எரியாது. நா உங்களுக்கும் சேத்துத்தான் பேசறேன்."

அவர் சொன்னதிலிருந்த பயம் உண்மையானது. அது அங்கே நின்றவர்களுக்கும் புரிந்தது.

"ஏனுங்க மொதலாளி" என்றாள் சின்னாயி. அவள் குரல் உயரவில்லை. "கோழி நாலு செத்து உழுந்தா அன்னிக்கே அறுத்துப் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட அனுப்புவீங்க. என்ன சீக்குன்னு தெரியாம தூங்க மாட்டீங்க. எம் பையன் உங்க செட்டுலதானுங்க வேலை செஞ்சான்."

செங்கோட்டையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாவுக்கு நாந்தான் காரியச் செலவு குடுத்தேன் சின்னாயி."

"குடுத்தீங்க. அதை நா மறக்கலீங்க. எதனால போனான்னுதான் கேக்கறேன்."

"அதைக் கேட்டா திரும்ப வந்துருவானா?"

"வர மாட்டான்" என்றான் ரங்கன். "இன்னிக்கு அந்த மருந்தை இன்னொருத்தன் பெசஞ்சுக்கிட்டிருக்கான். அவனும் யாரோ ஒருத்தி பெத்த புள்ளைதானுங்க."

செங்கோட்டையன் கொண்டுவந்த தாள்களைப் பிரவீனா எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மிணி, உங்கப்பனுக்கு நா என்ன சொல்றது?"

"நா கையெழுத்துப் போடலைன்னு சொல்லுங்க மாமா."

தொழிலாளர்களின் உழைப்பையும், பஞ்சாயத்து விட்டுக்கொடுத்த ஓர் அறையையும், மாதேஸ்வரனின் வண்டியையும் உள்ளூர்ப் பங்காக எழுதி விண்ணப்பம் டில்லிக்குப் போனது. இன்றுவரை பதில் இல்லை. ஏற்கலாம், தள்ளலாம்.

செங்கோட்டையனின் பதில் மறுநாளே வந்துவிட்டது. ரங்கனுக்கும் சின்னாயிக்கும் இனி வேலை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். சாமான்களைக் கட்டும்போது, கொடியில் கிடந்த மகனின் சட்டையைச் சின்னாயி எடுத்தாள். அதில் இன்னும் தீவன வாசம் இருந்தது. அதுவரை அழாதவள் அந்தச் சட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ரங்கன் அவள் முதுகில் கை வைத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் மூட்டையோடு வெளியே வந்தபோது, பண்ணை வாசலில் மற்ற வேலையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாயில்லா உயிர்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று கோழிகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். முட்டையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கூண்டுகளின் முன்சரிவில் உருண்டு வந்த முட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டே இருந்தன. ஏற்றிப்போக வந்த லாரியின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"ரெண்டு பேரையும் திருப்பி வேலைக்கு எடுக்கோணும். கையொறை குடுக்கோணும். செட்டுக்குள்ள மாதிரி எடுக்க உடோணும்" என்று தீர்த்தகிரி மேலாளரிடம் சொன்னார். மேலாளர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வரவில்லை.

வெயில் ஏறியது. வெண்ணிலா பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகும் வழியில் ஒரு தூக்குவாளி கூழைக் கொடுத்துவிட்டுப் போனாள். சின்னாயி அதை டம்ளரில் ஊற்றி ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். கடைசியில் ரங்கனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். மகன் போன பிறகு அவள் கொடுத்து அவன் மறுக்காமல் குடித்தது அதுதான் முதல் தடவை.

பிரவீனாவும் குணசீலனும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பிரவீனா செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்களோடு புழுதியில் உட்கார்ந்தாள்.

தார்ச்சாலையில், அடுத்த பண்ணையின் பக்கமிருந்து, தலையில் துண்டு கட்டிய பெண்கள் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாரையும் சின்னாயிக்குத் தெரியாது. அவள் தன் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றாள். "அங்க இன்னும் ஆளு வாராங்க."