காலுறை மாட்டிய நான்கு பாட்டில்கள்

1

வந்திருந்தவர்கள் ஐந்து பேர். உட்கார்ந்த இடங்கள் வருமாறு. சமையலறை மேசையின் கதவுப் பக்கத்து முனையில் அண்ணன். கையில் பேனா, முன்னால் கட்டம் போட்ட தாள். அவருக்கு இடக்கைப் பக்கம், ஜன்னலோரமாக, மாடிவீட்டுப் பல் டாக்டர். வலக்கைப் பக்கம், அடுப்புக்குக் கிட்ட, அண்ணி. அண்ணிக்கு அந்தப் பக்கம், நாற்காலி போதாததால் முக்காலியில், தங்கை. எதிர் முனையில் பிரிட்ஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கையின் வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை. மேசை நடுவில் வரிசையாக நான்கு ஒயின் பாட்டில்கள். லேபிள் தெரியாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புக் காலுறை, காலுறையில் ஊசியால் குத்திய எண் சீட்டு. ஒன்றாம் நம்பர் அண்ணன் பக்கம். நாலாம் நம்பர் மாப்பிள்ளை பக்கம்.

இதைக் கதைக்காக எழுதவில்லை. ஒரு கடிதத்துக்கு எழுதியது. கடிதம் எழுத உட்கார்ந்து, முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் இதைக் கதையாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இன்னொன்று. 'நான்' என்று தொடங்கும் கடிதத்தை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திருத்தவே மாட்டார்கள், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கதைக்குள் நான் வரமாட்டேன். அண்ணன்தான் வருவார். அவருக்கும் எனக்கும் சட்டை அளவு ஒன்று, கண்ணாடி நம்பர் ஒன்று. மற்றபடி அவர் செய்த எதற்கும் நான் பொறுப்பில்லை.

2

அழகான தொடக்கம் ஒன்றும் முயன்று பார்த்தேன்.

*ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் கோப்பையின் விளிம்பில் மாணிக்கம்போல—*

(வெயிலே இல்லை. மேகமூட்டம். அண்ணி பகலிலேயே விளக்குப் போட்டிருந்தாள்.)

சாதாரணமாகவே சொல்கிறேன். தங்கை பதினொரு வருஷம் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, தன் வீட்டுத் தெருமுனையில் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன ஒயின் கடை திறந்தாள். கல்யாணத்துக்கும் பரிசுக்கும் வாங்குகிற ஒயின் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் நின்று யோசிக்காமல் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போய் ராத்திரிச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். மிச்சத்தை மூடி வைத்தால் மறுநாளும் வாயில் வைக்கும்படி இருக்க வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. அப்படி ஒன்றைக் கதவோரம் மார்பளவுக்கு அடுக்கி வைத்துவிட்டால் கடை அதன் முதுகில் ஓடிவிடும் என்பது அவள் கணக்கு. தப்பான கணக்கு இல்லை.

முதல் அடுக்கு எது என்று அண்ணன்தான் தேர்ந்தெடுத்தார். நிறம், மணம், சுவை, பின்சுவை என்று கட்டம் போட்டு, நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கியதை எழுதிக் கொடுத்தார்.* தெருவே வாங்கிப் போயிற்று, ஒரு தடவை. இரண்டாம் தடவைக்கு யாரும் வரவில்லை. முதல் மிடறில் கைதட்டல் வாங்குகிற ஒயின் அது. மூன்றாம் மிடறில், சொன்ன கதையையே சொல்கிற விருந்தாளி. மிஞ்சிய பெட்டிகள் கடையின் பின்னறையில் பிரிண்டருக்கு மேசையாக நிற்கின்றன.

தங்கை இதுபற்றி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு ஆறியிருக்கலாம்.

இப்போது இரண்டாவது அடுக்கு. மொத்த வியாபாரி செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார். இதுவும் நகராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூன்றாவது கவுண்டரை மாதக் கடைசிவரை காலியாக வைத்திருப்பதாகப் பழைய மேலாளர் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர். அந்த நல்ல குணத்தை நினைத்தால்தான் தங்கைக்குத் தூக்கம் வருவதில்லை.

(* குறிப்பு: பாட்டில் மிகவும் கனமாக இருந்தது. விலையில் பாதி கண்ணாடிக்குத்தான் போகிறது என்பது அண்ணனுக்குப் பின்னால் தெரியவந்தது. மார்க் போட்டபோது அந்தக் கனமும் கையில் இருந்தது.)

3

பட்டுத் தேறியதால் இம்முறை புது விதி. மார்க் போடலாம்; ஆனால் மார்க் மட்டும் தீர்ப்பு ஆகாது. ருசி பார்த்து முடிந்ததும் சாப்பாடு. சாப்பிடும்போது எந்த பாட்டில் முதலில் காலியாகிறதோ அதுவே ஜெயித்தது. நாக்கு பொய் சொல்லும், காலி பாட்டில் பொய் சொல்லாது என்று அண்ணன் எழுந்து நின்று அறிவித்தார். உட்கார்ந்தபடியே அறிவித்திருக்கலாம்.

"துவைச்ச காலுறைதானே சார்?" என்றார் பல் டாக்டர்.

"புதுசு டாக்டர்."

"மூணுதான் புதுசு," என்றாள் அண்ணி. "ஒண்ணு இவரோடது. எதுன்னு சொல்ல மாட்டேன். அப்பத்தானே பரீட்சை."

அண்ணனின் தாளிலிருந்து சில வரிகள். ஒன்றாம் நம்பர்: 'பழுத்த செர்ரி, ஈரமான அட்டைப்பெட்டி.' மூன்றாம் நம்பர்: 'வெனிலா. யாரோ மரத்தூளை ஊறவைத்திருக்கிறார்கள்.' இரண்டாம் நம்பர்: 'சொல்லும்படி குறை இல்லை. சொல்லும்படி நிறையும் இல்லை. 58.' இந்த வரியை எழுதிவிட்டு, நன்றாக அமைந்துவிட்டதென்று தனக்குள் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைக் கதையில் சேர்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"நாலு எப்படி மாப்ள?"

"செவப்பா இருக்கு மச்சான். போட்டுக்கோங்க."

"எல்லாமே செவப்புதான்."

"அப்ப எல்லாத்துக்கும் போட்டுக்கோங்க."

தங்கை மட்டும் கோப்பையை வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்கு ரெண்டு பிடிச்சிருக்குண்ணே."

"எதனால?"

"தெரியல. அதக் குடிச்சிட்டுப் பேசிக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. மத்ததெல்லாம் நம்மளப் பேச விடாம அதுவே பேசுது."

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது தங்கைதான். சிரித்துவிட்டு, "சும்மா சொன்னேன்," என்றாள்.

பிறகு ரொட்டியும் வறுத்த கோழியும் வந்தன. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வக்கீல், வெளியே வருமுன் உள்ளிருந்தே வழக்குப் போடுவேன் என்று கத்திய கதையை அபிநயத்தோடு சொன்னார். சொல்லச் சொல்ல, காலியாகத் தெரிந்த கோப்பையெல்லாம் அவர் கையால் நிரம்பிக்கொண்டே இருந்தது. நாலரை மணிக்கு அண்ணன் நாலாம் நம்பரைக் கவிழ்த்துப் பார்த்தார். சொட்டு இல்லை.

"முடிவு வந்தாச்சு."

"சரிண்ணே," என்றாள் தங்கை. "ஆனா வாயால சொல்லிட்டு விட்டுராதீங்க. எழுதிக் குடுங்க. உங்க எழுத்துல இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

4

திங்கட்கிழமை காலை. அண்ணன் வெள்ளைத் தாளை எடுத்தார். நாற்பது வருஷ அலுவலகப் பழக்கம், எந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினாலும் வந்தவர் யார், எங்கே உட்கார்ந்தார் என்றுதான் தொடங்குவார். எழுதினார். நீங்கள் மேலே படித்த அதே பத்தி. 'நாலாம் நம்பர் மாப்பிள்ளை பக்கம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

மாப்பிள்ளை பக்கம்.

(இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் இடி இடிக்க வைப்பான். எங்கள் தெருவில் குப்பை வண்டி போயிற்று.)

மாப்பிள்ளையின் கை சாதாரணக் கை இல்லை. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குப்புறப் படுத்து அடியில் திருகாணி முடுக்கிய கை. மேசையின் அந்த முனையிலிருந்து பல் டாக்டரின் கோப்பைவரை எட்டும். அண்ணன் எழுதிக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. அண்ணி அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்தாள். டாக்டர், நோயாளியைப் போல, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவர். ஊற்றியது ஒரே ஆள். ஊற்றியது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்ததை.

அண்ணன் போன் போட்டார். பின்னால் இரும்பு உரசும் சத்தம்.

"மாப்ள, நேத்து நாலாம் நம்பரை ஏன் அவ்வளவு ஊத்தினீங்க?"

"தப்பா மச்சான்?"

"தப்பில்ல. பிடிச்சிருந்துச்சான்னு கேக்கறேன்."

"கிட்ட இருந்துச்சு. ஏன், நல்லாயில்லியா?"

"மத்ததெல்லாம்?"

"எட்டி எடுக்கணும். கத பாதியில நின்னுரும்ல?"

ஆக, காலி பாட்டிலும் பொய் சொல்லும். அண்ணன் ஒரு கை நீளத்தை அளந்திருக்கிறார். அதுவும் காலுறையெல்லாம் மாட்டி, முறையாக.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தங்கை உட்கார்ந்த முக்காலியும் நாலாம் நம்பர் பக்கம்தான். கையை நீட்டினால் போதும். அவள் இரண்டு தடவை எழுந்து, அண்ணியின் நாற்காலியைச் சுற்றி வந்து, இரண்டாம் நம்பரை ஊற்றிக்கொண்டு போனாள். அன்று அந்த மேசையில் ஒரு பாட்டிலுக்காக எழுந்து நடந்த ஆள் அவள் ஒருத்திதான். அதற்கும் கட்டம் இல்லை.

5

கடிதத்தை எப்படி முடிப்பது? மூன்று விதம் எழுதிப் பார்த்தேன். (அண்ணன் எழுதிப் பார்த்தார்.)

அ. *'நாலாம் நம்பரை வாங்கவும்.'* விதி விதிதான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை, மாப்பிள்ளைக்குக்கூட. பின்னறையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை வரும்.

ஆ. *'இரண்டாம் நம்பரை வாங்கவும். நீ சொன்னதே சரி.'* எழுதும்போது கண்ணே கலங்கிவிட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அண்ணனுக்கு இரண்டாம் நம்பரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தெரிந்ததற்கு மேல் திங்கட்கிழமை என்ன தெரியும்? இதை எழுதினால் அது மறுபடியும் அண்ணன் தேர்ந்தெடுத்த ஒயின் ஆகிவிடும். விற்காவிட்டால் தங்கை மறுபடியும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

இ. *'எனக்குத் தெரியாது.'*

மூன்றாவது, பார்க்க யோக்கியமாக இருக்கிறது. நழுவலும்தான். கடை போனால் பழி என்மேல் இல்லை என்று முன்கூட்டியே கை கழுவி வைத்துக்கொள்வது. நாற்பது வருஷமாக அலுவலகங்களுக்கு இப்படி எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். (அவருக்குத் தெரியும்.)

அண்ணி மூன்றையும் படித்தாள். பாத்திரம் துடைத்த துணி தோளில் கிடந்தது.

"முன்னாடி வாங்கின எண்பத்தேழு மார்க் பத்தி ஒண்ணுமே இல்லையே," என்றாள்.

"அது பழைய விஷயம்."

"அவளுக்குப் பழசு இல்லைங்க. தனக்குத்தான் ருசி தெரியலன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. உங்களத் தப்பு சொல்ல வாய் வராம, தன்னையே தப்புன்னு வச்சிருக்கா."

அண்ணன் நான்காவது தாளை எடுத்தார்.

6

அனுப்பிய கடிதம் இது.

*'தங்கைக்கு. ஞாயிறு நடந்த சோதனை செல்லாது. நாலாம் நம்பர் காலியானது மாப்பிள்ளையின் கைக்கு எட்டியதால். யார் எங்கே உட்கார்ந்தோம் என்று படம் வரைந்து இணைத்திருக்கிறேன். போன தடவை உன்னை வாங்கவைத்த ஒயின் நல்ல ஒயின் இல்லை. நான் கட்டங்களைக் குடித்தேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது; அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை எழுந்து போனாய். அதை நான் பார்த்தும் எழுதிக்கொள்ளவில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை நானும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். கேட்டால் பேசுகிறேன், கேட்காவிட்டால் பெட்டி தூக்குகிறேன்.'*

இதை வாங்கு என்று எண் எதுவும் எழுதவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை தங்கை எதை அடுக்கினாள், அது விற்றதா, மூன்றாவது கவுண்டரில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பீர்கள். இதை எழுதும்போது மணி திங்கட்கிழமை மூன்றே முக்கால். எனக்கு அந்தப் பக்கம் இன்னும் கதவு திறக்கவில்லை. நீங்கள் என்னைவிடப் பிந்தி வாழ்கிறவர்கள். வேண்டிய முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, என் மார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

"பத்து நிமிஷம் நடந்தா கடை," என்றாள் அண்ணி. "இதுக்குப் போயி ஸ்டாம்பு ஒட்றீங்க. நாளைக்குக் காலைத் தபால்லதான் போய்ச் சேரும்."

"நேர்ல போனா ஒரு நம்பர் சொல்லிருவேன்," என்றார் அண்ணன்.

அண்ணி கோந்து டப்பாவை நகர்த்தி வைத்தாள். அண்ணன் உறையை ஒட்டினார், முனையிலிருந்து முனைவரை கட்டைவிரலால் அழுத்தினார், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருமுனைத் தபால்பெட்டியைத் திறப்பதற்குத் தபால்காரம்மா பையோடு வந்து நின்றாள். அண்ணன் கடிதத்தைப் பாதிவரை உள்ளே விட்டார். மீதிப் பாதி விரலிலேயே இருந்தது.

"சார்," என்றாள் தபால்காரம்மா. "நீங்க விட்டாத்தான் நான் எடுக்க முடியும்."

விட்டார்.